சோக்கலோ சதுக்கம்: அந்த வெறுந்தரையில் எதைப் பார்ப்பது?

நெடுவழி எழுதியது:

அலுவல் காரணமாகச் சென்ற ஆண்டு மெக்சிகோ நகரத்துக்குப் போயிருந்தபோது, அந்நகரின் தலைமைச் சதுக்கமான சோக்கலோவில் ஒரு மணி நேரம் நின்றேன். வடக்கே பேராலயம், கிழக்கே தேசிய அரண்மனை, தெற்கே நகர ஆட்சிக் கட்டடங்கள், மேற்கே வணிகர்களின் வளைவு மாடங்கள் என நான்கு பக்கமும் கட்டடங்கள் நிறைந்திருக்க, நடுவில் ஒரு கொடிக்கம்பத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒரு மரமில்லை, அமர்ந்து இளைப்பாற ஒரு திண்ணையில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் நண்பகல் வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கியது. நான்கு படங்களை எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்ற உறுத்தல் அன்று முதல் இருக்கிறது.

வரும் மாதம் என் தாயாரை அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே செல்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு. நெடுநேரம் நடக்க இயலாது. எங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு பகற்பொழுது. எதை முதலில் பார்ப்பது என்பதைவிட, அந்தச் சதுக்கத்தை எப்படிப் பார்ப்பது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேல்மாடம் எழுதியது:

தங்களுக்கு வெறுமையாகத் தோன்றிய அந்தத் தரை, இயல்பாக வெறுமையாக இருந்ததில்லை; ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றை அகற்றித்தான் அது இப்படி ஆயிற்று. 1703இல் கட்டி முடிக்கப்பட்ட பரியான் என்னும் பெரிய அங்காடி, சதுக்கத்தின் தென்மேற்குப் பகுதியை அடைத்துக்கொண்டு நின்றது. மணிலாவிலிருந்து கப்பலேறி வந்த பட்டும் பீங்கானும் அங்கே விலைபோயின. அங்காடியின் பெயரே மணிலாவில் இருந்த பரியான் சந்தையிலிருந்து வந்ததுதான். 1828 டிசம்பரில் மூண்ட கலவரத்தில் அது சூறையாடப்பட்டது. 1843இல் அப்போதைய அதிபர் சாந்தா அன்னாவின் ஆணைப்படி அடியோடு இடிக்கப்பட்டது. மானுவேல் தொல்சா வார்த்த, குதிரைமேல் அமர்ந்த ஸ்பானிய மன்னர் நான்காம் கார்லோஸின் வெண்கலச் சிலை 1803 முதல் இந்தச் சதுக்கத்தில்தான் இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் அரசரின் உருவத்துக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. இன்று அது தேசியக் கலை அருங்காட்சியகத்தின் எதிரே நிற்கிறது.

பெயரின் கதையும் இதோடு சேர்ந்ததே. அங்காடியை இடித்த அதே 1843இல், அவ்விடத்தில் விடுதலை நினைவுத்தூண் ஒன்றை எழுப்பத் திட்டமிட்டார்கள். பீடம் மட்டும் எழுந்தது. தூண் எழவே இல்லை. ஸ்பானிய மொழியில் சோக்கலோ என்றால் பீடம். மக்கள் அந்தப் பீடத்தின் பெயராலேயே இடத்தை அழைக்கத் தொடங்கினார்கள். பின்னர் பீடமும் மறைந்தது, பெயர் நின்றுவிட்டது. அதுவும் இந்த ஒரு நகரத்தோடு நில்லாமல், மெக்சிகோவின் வேறு பல ஊர்களிலும் தலைமைச் சதுக்கத்தின் பெயராகிவிட்டது. ஆவணங்களில் இதற்கு அரசியல் சாசனச் சதுக்கம் என்று பெயர். மெக்சிகோவின் சாசனத்தைக் குறிப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது 1812இல் ஸ்பெயினின் காதிஸ் நகரில் இயற்றப்பட்ட சாசனத்தைக் குறிப்பது.

இடையில் மரங்கள் இருந்தன, தோட்டம் இருந்தது, டிராம் வண்டிகள் சுற்றிவந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை யாவும் நீக்கப்பட்டு, இன்றுள்ள தளம் பாவப்பட்டது. எனவே, நடுவில் நிற்கும்போது எங்கே எது இருந்தது என்று தெரிந்து நின்றால், அந்த வெளி தங்களுக்கு வேறுவிதமாகத் தெரியும். சதுக்கத்தின் அடியிலுள்ள மெட்ரோ நிலையத்தில், இந்த இடம் வெவ்வேறு காலங்களில் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் மாதிரி அமைப்புகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வாருங்கள்.

ரசமட்டம் எழுதியது:

நான் கட்டுமானப் பொறியாளர். அந்தச் சதுக்கத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் கட்டடங்களின் உச்சியைப் பார்த்ததைவிட அடியைப் பார்த்ததே அதிகம். தாங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பேராலயத்தின் உள்ளே, குவிமாடத்தின் உச்சியிலிருந்து நீண்ட கம்பி ஒன்று தொங்குகிறது. அதன் நுனியில் கூர்மையான ஒரு குண்டு. கொத்தனார் சுவரெழுப்பும்போது பிடிக்கும் தூக்குக்குண்டேதான், அளவில் மட்டும் பெரியது. கட்டடம் கடந்த காலங்களில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பது அதன் கீழே தரையில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறிகளுக்கும் இன்று குண்டு நிற்கும் இடத்துக்கும் உள்ள தொலைவைப் பார்த்தால், இந்த நகரத்தின் முழுச் சிக்கலும் விளங்கிவிடும்.

1325இல், அஸ்டெக் என்றும் அழைக்கப்படும் மெஷிகா மக்கள் தெனோச்தித்லான் என்னும் தங்கள் தலைநகரை ஏரி நடுவே ஒரு தீவில் நிறுவினார்கள். ஸ்பானியர் அந்நகரை 1521 ஆகஸ்ட் 13 அன்று வீழ்த்தி, அதன்மேலேயே தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் ஏரி சிறிது சிறிதாக வடிக்கப்பட்டது. எஞ்சியது நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கும் களிமண். நகரத்தின் குடிநீருக்காக நிலத்தடி நீரை இறைக்க இறைக்க அந்தக் களிமண் சுருங்குகிறது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் நகரின் மையப்பகுதி பல மீட்டர் தாழ்ந்திருக்கிறது. மண் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால் கட்டடங்களுக்குப் பெரிய கேடு வந்திருக்காது. பேராலயத்தின் அடியில் சில இடங்களில் பழைய மெஷிகா கட்டடங்களின் எச்சங்கள் இருக்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் அவற்றின் பாரத்தைத் தாங்கிய மண் முன்பே இறுகிவிட்டது. இறுகிய இடம் மெதுவாகவும் இறுகாத இடம் விரைவாகவும் இறங்கியதால், 1573இல் தொடங்கி 1813 வரை கட்டப்பட்ட அந்தப் பெருங்கட்டடம் ஒருபுறம் சாய்ந்து விரிசல் கண்டது.

1990களில் அதைக் காப்பாற்றிய முறையை இன்றும் வியந்து படிக்கிறேன். தாழ்ந்த பக்கத்தைத் தூக்க அவர்கள் முயலவில்லை. கட்டடத்தின் அடியில் கிணறுபோன்ற குழிகளை இறக்கி, உயரமாக நின்ற பக்கத்தின் கீழிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக உருவி, அந்தப் பக்கத்தையும் இறங்கச் செய்தார்கள். சாய்ந்த பீசா கோபுரத்திலும் பின்னர் இதே கருத்தின்படிதான் அடிமண்ணை எடுத்தார்கள்.

ஏரிக்கரை எழுதியது:

மேலே எழுதிய இருவரும் அருமையாக விளக்கியிருக்கிறார்கள். இருப்பினும், இந்தக் கருத்துக்களத்தில் பலரும் இதைக் "காலனிய நகரத்தின் சதுக்கம்" என்றே குறிப்பிட்டு வருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இது ஒரு தலைநகரின் நடுவெளி. வடக்கே பெருங்கோயில் வளாகமும், இன்றைய தேசிய அரண்மனை நிற்கும் இடத்தில் மெஷிகா மன்னர் இரண்டாம் மொக்தெசூமாவின் அரண்மனையும் இருந்தன. நகரை வீழ்த்திய ஸ்பானியப் படைத்தலைவர் கொர்தேஸ் அந்த அரண்மனையின் மேலேயே தனக்கு மாளிகை கட்டிக்கொண்டார். 1562இல் ஸ்பானிய அரசு அதை விலைக்கு வாங்கியது. ஆள்பவரின் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக்கூட வந்தவர்கள் புதிதாக முடிவு செய்யவில்லை.

புதைத்ததும் முழுமையாகப் புதைந்துவிடவில்லை. 1790இல், ஸ்பானிய அரசப் பிரதிநிதி ரெவில்யாகிகெதோவின் காலத்தில், தளம் பாவுவதற்காக இந்தச் சதுக்கத்தைத் தோண்டியபோது, ஆகஸ்ட் 13 அன்று இரண்டரை மீட்டருக்கும் உயரமான கோவாத்லிக்குயே தெய்வத்தின் சிலை வெளிப்பட்டது. நகரம் வீழ்ந்த அதே நாள்! டிசம்பர் 17 அன்று சூரியக்கல் எனப்படும் பெரிய வட்டச் சிற்பக்கல் கிடைத்தது. கல்லைப் பேராலயத்தின் மேற்குக் கோபுரச் சுவரில் பதித்து வைத்தார்கள். 1885 வரை அது அங்கேதான் இருந்தது. தெய்வச் சிலைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனவர்கள், மக்கள் அதனிடம் மீண்டும் வழிபாட்டுக்கு வந்துவிடுவார்களோ என்று அஞ்சி, மறுபடியும் மண்ணுக்குள் இட்டார்கள். 1803இல் அங்கே வந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் பார்ப்பதற்காக வெளியே எடுத்தார்கள். கண்டெடுத்த ஒரு சிலையைக் கண்டு ஓர் ஆட்சி இவ்வளவு அஞ்சியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இரண்டு கற்களும் இன்று சாப்புல்தெபெக்கில் உள்ள தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1978 பிப்ரவரி 21 அன்று மின்வாரியத் தொழிலாளர்கள் கம்பி புதைக்கப் பள்ளம் தோண்டியபோது, பேராலயத்துக்கு வடகிழக்கே, சிதைந்த உடலோடு செதுக்கப்பட்ட கொயோல்ஷாவ்கி தெய்வத்தின் வட்டக்கல் தென்பட்டது. அதன் விட்டம் 3 மீட்டருக்கும் அதிகம். அதன்பின் தொல்லியலாளர் எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசூமாவின் தலைமையில் அகழாய்வு நடந்தது. அதற்காக 13 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. தெம்ப்லோ மயோர் என்ற அந்தப் பெருங்கோயிலின் அடுக்கடுக்கான படிக்கட்டுகளை இன்று திறந்த வெளியில் காணலாம். ஆகவே தங்கள் தாயாரோடு செல்லும்போது, அகழிடத்தை முதலில் பார்த்துவிட்டுச் சதுக்கத்துக்கு வருவதே முறை என்பேன்.

மேல்மாடம் எழுதியது:

ஏரிக்கரை அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆயினும் "காலனிய" என்ற சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்தச் சொல்லை நீக்கினால், நடந்த கொடுமையும் சேர்ந்து மறைந்துவிடும். இடிக்கப்பட்ட கோயில்களின் கற்களைக் கொண்டு பேராலயத்தையும் மாளிகைகளையும் எழுப்பியவர்கள் தோற்றுப்போன மக்களே. அலோன்சோ கார்சியா பிராவோ பழைய நகரின் முக்கிய வழிகளைத் தழுவியே புதிய தெருக்களை நேர்க்கோடுகளாக வரைந்தார்; அந்தக் கோடுகளுக்குள் ஸ்பானியரும், வெளியே மண்ணின் மக்களும் வாழ வேண்டும் என்று வகுக்கப்பட்டது. சதுக்கம் பழையதாக இருக்கலாம். அதைச் சுற்றி யார் வாழலாம், யார் விற்கலாம் என்ற ஒழுங்கு புதியது.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னர் 1573இல் பிறப்பித்த நகரமைப்பு ஆணைகள், தலைமைச் சதுக்கத்தின் நீளம் அகலத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்கின்றன. குதிரைகளோடு நடக்கும் திருவிழாக்களுக்கு அதுவே ஏற்றது என்று காரணமும் சொல்கின்றன. 600 அடி நீளமும் 400 அடி அகலமும் நல்ல அளவு என்பது அவற்றின் கருத்து. சோக்கலோ அந்த விதிக்குள் அடங்குவதில்லை. ஏறத்தாழச் சதுரமாகவும் அந்த அளவைவிடப் பெரிதாகவும் இருக்கிறது. காரணம் எளியது: விதி எழுதப்படுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த இடம் வகுக்கப்பட்டுவிட்டது. இந்த ஒரு செய்தியில் நாம் இருவர் சொல்வதும் சேர்ந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏரிக்கரை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். தெருக்கோடுகளுக்கு வெளியே தள்ளப்பட்டவர்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் வரிசையை மாற்ற மாட்டேன், அகழிடமே முதலில்.

பகல்நடை எழுதியது:

சில நடைமுறைச் செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெம்ப்லோ மயோர் அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டினருக்குக் கட்டணமில்லை என்பதால் கூட்டம் மிகுதி; முதியவரோடு செல்பவர்கள் செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது. மெட்ரோவின் 2ஆம் தடம் நேராகச் சதுக்கத்தின் அடியில் நிற்கிறது. கட்டணம் 5 பெசோ. பேரணி நடக்கும் நாள்களில் அந்த நிலையத்தை மூடிவிடுவதுண்டு; அப்போது அடுத்த நிலையத்தில் இறங்கி நடக்க நேரிடும். இந்தச் சதுக்கத்தில் பேரணியும் முகாமும் வழக்கமானவை. 1968 ஆகஸ்டில் மாணவர்கள் திரண்டதும், மறுநாள் விடியலில் படை கவச வண்டிகளோடு வந்து அவர்களை அகற்றியதும் இதே தரையில்தான்.

தேசிய அரண்மனையின் மாடிப்படிச் சுவர்களில் தியேகோ ரிவேரா 1929 முதல் 1935 வரை வரைந்த பெருஞ்சுவரோவியம் உள்ளது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் பதவியேற்ற அதிபர் அங்கேயே குடிபுகுந்த பின்னர், பொதுமக்கள் உள்ளே செல்வது கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. அதையே நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம். உள்ளே விட்டால் போய்ப் பாருங்கள். விடாவிட்டால் வெளியே நின்று நடு மாடத்தின் மேல் தொங்கும் மணியைப் பாருங்கள். 1810இல் தொலோரெஸ் ஊரில் இதால்கோ பாதிரியார் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்ட அடித்த மணி அது. 1896இல் இங்கே கொண்டுவரப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 இரவு அதிபர் அதை ஒலிக்கிறார்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல்: வந்திறங்கிய முதல் நாளே அம்மாவை அழைத்துக்கொண்டு அலைய வேண்டாம். ஒரு நாள் ஓய்வெடுத்து, நிறைய நீர் அருந்தியபின் செல்லுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகலில் மழை வரும், முற்பகலே நல்லது.

வளைவு மாடங்களின் அருகே வந்து வலியப் பேசும் வழிகாட்டிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒருவர் எனக்குச் சொன்ன கதைகளில் பாதி, அன்று மாலை அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகையைப் படித்தபோது பொய்யென்று தெரிந்தது. பணம் போனதைவிட, அந்தக் கதைகளை நம்பி வீட்டாருக்கு எழுதிவிட்டேனே என்பதுதான் என்னை வருத்தியது.

கைக்கருவி எழுதியது:

பேராலயத்தின் மேற்குப்புற இரும்பு வேலியை யாரும் குறிப்பிடவில்லை. அங்கே காலை நேரத்தில் ஆண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கருவிப்பையும் கையால் எழுதிய ஓர் அட்டையும் இருக்கும்: குழாய்ப் பணி, மின்பணி, வண்ணம் பூசுதல், கொத்து வேலை. வேலைக்கு ஆள் தேடுபவர்கள் வந்து பேசி அழைத்துச் செல்வார்கள். நான் பார்த்தவர்களில் ஒருவர், அட்டை காற்றில் விழாமலிருக்கத் தம் கொத்துக்கரண்டியையே அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். கரண்டியின் விளிம்பு தேய்ந்து பிறைபோல் வளைந்திருந்தது. நெடுநேரம் யாரும் வரவில்லை. அவர் அட்டையைத் துடைத்து மீண்டும் நிறுத்தினார்.

பலர் அவர்களைக் கேட்காமலே படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை கிடைக்காத நாளில் தன் முகம் இன்னொருவரின் நினைவுப் பொருளாவதை யாரும் விரும்ப மாட்டார்கள். சதுக்கத்தில், சாம்பிராணிப் புகை போலத் தோன்றும் கோபால் என்னும் மரப்பிசினின் புகைக்கு நடுவே, கணுக்காலில் விதைச் சலங்கை கட்டி ஆடுபவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களில் பலருக்கு அந்த ஆட்டம் வழிபாடு. படமெடுத்தால் கேட்டு எடுங்கள்; ஒரு சில பெசோக்களையும் கொடுங்கள்.

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. போய்வந்துவிட்டோம், விரிவாக எழுதுவது என் கடமை.

ஏரிக்கரை அவர்கள் சொன்னபடி அகழிடத்திலிருந்து தொடங்கினோம். ஒரு கோயிலை மூடி அதன்மேல் அடுத்த கோயிலை எழுப்பியிருப்பதால், படிக்கட்டுக்குப் பின்னால் படிக்கட்டாக ஒன்றையொன்று பொதிந்தபடி அவை நிற்கின்றன. அம்மா எல்லா இடத்துக்கும் நடக்கவில்லை. பாதையோரம் ஒரு கைப்பிடியைப் பற்றி நின்றபடி நெடுநேரம் பார்த்தார். அங்கிருந்து சதுக்கத்துக்கு வந்தபோது எனக்கு அது சென்ற ஆண்டு பார்த்த இடமாகத் தோன்றவில்லை. பரியான் நின்ற மூலை எது, பீடம் இருந்திருக்கக்கூடிய இடம் எது என்று அம்மாவிடம் காட்டிக்கொண்டே நடந்தேன்.

பேராலயத்துக்குள் நுழைந்தபோது, சாய்வைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பத்தடி நடந்ததும் என் தோளைப் பற்றிக்கொண்டு, "இது என்ன, இறக்கத்தில் நடப்பதுபோல் இருக்கிறதே?" என்று கேட்டார். முழங்கால் நோவுள்ளவருக்குத் தரையின் சிறு சரிவும் உடனே தெரிந்துவிடுகிறது. நான் சென்ற ஆண்டு அதே தரையில் நடந்தேன், எனக்குத் தெரியவேயில்லை. தூக்குக்குண்டின் அருகே சென்று அவரை நிறுத்திக் காட்டினேன். குனிய இயலாததால், தரையிலுள்ள குறிகளை நான் படித்துச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டார்.

அரண்மனைக்குள் செல்ல முடியவில்லை. வேலியருகே அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தோம், படம் எடுக்கவில்லை. மாலையில் கொடியிறக்கத்தைக் காணக் காத்திருந்தோம். அரண்மனையிலிருந்து படைவீரர்கள் அணியாக வந்து, அந்தப் பெரிய கொடியைத் தரையில் படவிடாமல் கைகளில் ஏந்தி, நீளவாக்கில் சுருட்டி, அனைவரும் சேர்ந்து தோளில் சுமந்து சென்றார்கள். பெரிய தறித்துணியைப் பலர் தூக்கிச் செல்வதுபோல் இருக்கிறது என்றார் அம்மா.

ரசமட்டம் ஐயாவிடம் அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். உயர்ந்த பக்கத்தின் அடிமண்ணை எடுத்துச் சரிசெய்துவிட்டார்கள், சரி. நகரம் நீர் இறைப்பதை நிறுத்தவில்லையே, அப்படியானால் பேராலயம் மீண்டும் தாழாதா?

ரசமட்டம் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியையே கேட்டிருக்கிறார்.

தாழும், தாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணியைச் செய்தவர்கள் தாழ்வதை நிறுத்துவதாக ஒருபோதும் சொல்லவில்லை. எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் தாழ வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அதற்காகவே, மண்ணை எடுத்து முடித்தபின், விரைவாக இறங்கிய பகுதிகளின் களிமண்ணுக்குள் காரைக் கலவையைச் செலுத்தி அதைக் கெட்டிப்படுத்தினார்கள். தாங்கள் இருவரும் நின்று பார்த்த அந்தக் குண்டு இன்னும் அங்கே தொங்குவதற்கும் காரணம் அதுதான். சாய்வு மீண்டும் கூடினால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கம்பிதான்.